தேத்தண்ணி பிந்திய கதை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் கணவர் சொல்லுவார். மறுத்துக் கத்தினால் அதுவே சாட்சியாகிவிடும் என்பதால் நான் மறுப்பதில்லை. ஆனால் அன்று ஆய்வுக் குழுவின் முன்னால் எனக்கு வந்த கோபம் நியாயமானது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்லுவேன்.

பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் சமூகவியலில் முதுகலை படித்தேன். ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, எங்கள் ஊர்களில் கலியாணப் பேச்சு எப்படி முடிவாகிறது என்பது. கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து தெற்கே வரிசையாகக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களில் எந்த வீட்டில் கேட்டாலும், ஹோல் என்கிற முன்கூடத்தில் இருக்கும் ஆண்கள்தான் பேசி முடிக்கிறார்கள் என்பார்கள். புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. முடிவு அடுப்படியில், குசினியில் எடுக்கப்படுகிறது, ஹோலில் அறிவிக்கப்படுகிறது என்பது என் வாதம்.

குழுவில் மூத்தவர் ஒரு பேராசிரியர். நல்ல மனிதர், மாணவர்களுக்கு இருமல் என்றால் மருந்து வாங்கி வைக்கும் ஆள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"நான் அந்தக் குசினியில் இருந்திருக்கிறேன் சேர்" என்றேன்.

"அதுதான் சிக்கல். நீங்கள் உள்ளே இருந்தவர். உள்ளே இருப்பவருக்குச் சொந்தம் இருக்கும், சார்பு இருக்கும். ஆய்வாளர் கொஞ்சம் எட்ட நின்று பார்க்க வேண்டும்."

பக்கத்தில் இருந்த இளம் விரிவுரையாளர், குசினிக் கதையெல்லாம் தரவாகுமா, அது வம்பு இல்லையா என்று சிரித்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஹோலில் ஆண்கள் கதைத்தால் அது கலந்துரையாடல், குசினியில் நாங்கள் கதைத்தால் வம்பு! இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மூன்றாவதாக இருந்த மெடம் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்ற அந்தச் சைகை எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில், ஒரு கலியாணப் பேச்சை முடிவெடுக்கும் இடத்தில் இருந்து நேரில் கவனித்துக் குறிப்புகளோடு வரவேண்டும் என்று சொன்னார்கள். முடிவெடுக்கும் இடம் என்றால் ஹோல். குறிப்புகள் திருப்தியாக இல்லாவிட்டால் தலைப்பை மாற்றி நெல் சந்தைப்படுத்தலை எடுக்க வேண்டுமாம். நெல்லின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை, தினமும் சோறுதான் தின்கிறேன். ஆனால் அதைப் பற்றி ஒரு வருஷம் எழுதுவதை நினைத்தால் அழுகை வந்தது.

பேச்சுக்காக நான் ஊர் ஊராக அலையத் தேவை இருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒன்று வந்துகொண்டிருந்தது, என் தங்கச்சியுடையது.

அவள் கண்டிப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தாள். இன்னும் ஒரு வருஷம் இருந்தது. மாப்பிள்ளைப் பொடியனை அவளுக்குப் பிடித்திருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே பயம் அந்தக் கடைசி வருஷம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவாப்பா, மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு மூத்தவர், இருக்கிறார், நிக்காஹ் முடிந்தால் படிப்பு எதற்கு என்று சொல்லக்கூடியவர் என்று ஊரில் கதை. எங்கள் வாப்பாவோ, வந்தவர்களிடம் நிபந்தனை வைப்பதை மானக்கேடாக நினைக்கிற மனிதர். பெண் வீட்டார் கேட்கக் கூடாது, கொடுக்க வேண்டும் என்பது அவர் வாழ்க்கை முழுவதும் கடைப்பிடித்த கொள்கை.

கொடுப்பதில் அவர் குறை வைக்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். மூத்தவளான எனக்கு உம்மாவின் வீடு வந்தது. தங்கச்சிக்கு அதே வளவில் வாப்பா இன்னொரு வீடு கட்டினார். வெள்ளிக்கிழமைகளில் கூடச் சீமெந்து குழைத்தார். அதனால்தான் குசினி எங்களுக்குச் சும்மா சமைக்கிற இடமில்லை. வீடு யாருடையதோ குசினியும் அவர்களுடையது.

பேச்சு நடக்க இருந்தது என் வீட்டில். நான் ஹோலில் இருந்து குறிப்பு எடுக்கப்போகிறேன் என்றதும் சாச்சி, அதாவது உம்மாவின் தங்கச்சி, வாயில் கை வைத்தாள்.

"ஆம்புளயளுக்கு நடுவுலயா? நீ என்ன பள்ளி மரைக்காரா?"

"படிப்புக்குச் சாச்சி. எல்லாரிட்டயும் அனுமதி கேட்டுட்டன். கதவுக்குப் பக்கத்துல ஓரமாத்தான் இருப்பன்."

தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, ஹோலில் நான் இருந்தால் அவளுடைய படிப்பைப் பற்றி நானே எடுத்துக் கதைக்கலாம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று விளக்கினேன். "சரி ராத்தா" என்றாள். அந்தச் சரியில் உப்பு இல்லை. நான் கவனிக்கவில்லை, கைப்பேசியில் ஒலிப்பதிவு வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் மாமிமாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய்விட்டார்கள். திரை ஒருமுறை ஆடி நின்றது. ஹோலில் எங்கள் பக்கம் வாப்பா, மாமா, என் கணவர். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் வாப்பா, அந்தப் பெயர்போன பெரியவாப்பா, பள்ளிவாசலில் இருந்து ஒரு பெரியவர். என் கணவர் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கதவோரம் போட்டார். அதில் குந்தி, முந்தானையைச் சரிசெய்து, மடியில் கொப்பியை விரித்தேன். நான் பெரிய ஆய்வாளர் ஆகிவிட்டதாக எனக்கே ஒரு மிதப்பு.

முதலில் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். மாவடிப்பள்ளி வயல்களில் தண்ணீர் ஏறியது பற்றிக் கதைத்தார்கள். கடல் கொந்தளிப்பாக இருப்பதால் மீன் விலை ஏறிவிட்டது என்பதில் இரண்டு பக்கமும் ஒற்றுமையாக இருந்தார்கள். நான் எல்லாவற்றையும் எழுதினேன். இவ்வளவு கவனமாக மழையை எழுதியவர்கள் வானிலை அவதான நிலையத்தில் கூட இருக்கமாட்டார்கள்.

பிறகு பெரியவாப்பா தொண்டையைச் செருமினார்.

"படிச்ச புள்ளதான், மாஷா அல்லாஹ். ஆனா நிக்காஹ் முடிஞ்சா மறுகா என்னத்துக்கு அவ்வளவு தூரம்? படிச்சது காணும்தானே. வூட்டோட இரிக்கட்டும்."

நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா மின்விசிறியைப் பார்த்தார். மாமா தன் கால்விரல்களைப் பார்த்தார். சரி, நான்தான் கதைக்க வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்து, "அதில்ல, தங்கச்சிக்கு..." என்று தொடங்கினேன்.

பெரியவாப்பா பாசத்தோடு என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதுங்க மகள், எழுதுங்க. வேகமாக் கதைச்சிட்டமா? இனி மெதுவாக் கதைக்கிறம்."

எல்லோரும் எனக்காக மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சொல்லாக, பாலர் வகுப்புக்குச் சொல்வது போல. எழுதுகிறவள் கதைக்கமாட்டாள், கதைக்கவும் கூடாது. அந்தக் கதிரையில் குந்தியதோடு என் வாய் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் பேனை முனை தாளைக் கிழித்தது.

இதற்கிடையில் உள்ளிருந்து தண்ணீர் வந்தது. இளநீர் வந்தது. இரண்டும் முடிந்தன. தேத்தண்ணி வரவில்லை.

நேரம் போயிற்று. பள்ளிவாசல் பெரியவர் திரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் வாப்பா திரையைப் பார்த்தார். எனக்கும் தொண்டை வறண்டு தலை இடிக்கத் தொடங்கியது. அந்த நேரத்துக்குத் தேத்தண்ணி குடிக்காவிட்டால் எனக்கு உலகமே பிடிக்காது. இந்தச் சாச்சி காஸ் சிலிண்டரைப் பார்க்காமல் இருந்திருப்பாள், வந்தவர்கள் முன்னால் இப்படியா வெட்கப்படுத்துவது என்று மனதுக்குள் திட்டினேன். கொப்பியில் எழுதினேன்: 'தேநீர் தாமதம். காஸ் முடிந்திருக்கலாம்.' என் கணவரைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு சிலிண்டர் இரவல் வாங்கிவரும்படி காதில் சொன்னேன். அவர் பின்பக்கமாகப் போய், வெறும் கையோடு திரும்பி வந்து, "காஸ் இரிக்கி" என்று சொல்லிவிட்டு மேற்கூரையைப் பார்த்தபடி குந்தினார். முகத்தில் சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு கோணல். என்ன மனிதர் இவர் என்று அவரையும் மனதுக்குள் திட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் வாப்பா கை கழுவ வேண்டும் என்று எழுந்தார். கையில் ஒன்றும் படவில்லை, ஏன் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பின்பக்கம் போய்வந்து, மூத்தவரான தன் நானாவின் காதில் ஏதோ சொன்னார். பெரியவாப்பா தாடியைத் தடவினார்.

"நான் என்ன சொல்றண்டா," என்றார், "ஒரு வருஷம்தானே. புள்ள படிச்சி முடிக்கட்டும். நிக்காஹ்வ மறுகா வெச்சிக்கலாம். நம்மட குடும்பத்துக்கும் ஒரு பட்டதாரி வரட்டுமே!"

மாஷா அல்லாஹ் என்றார்கள் எல்லோரும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதினேன்: 'மாப்பிள்ளையின் பெரியவாப்பா தாமாகவே முன்வந்து விட்டுக்கொடுத்தார். பெருந்தன்மை.' பெருந்தன்மைக்குக் கீழே கோடும் போட்டேன். அந்தக் கோடு காய்வதற்குள் திரை விலகியது, தட்டம் தட்டமாகத் தேத்தண்ணியும் இனிப்புக்குத் தொதலும் வட்டிலப்பமும் வந்தன. குடித்து முடித்து, துஆ ஓதி, பேச்சை முடித்தார்கள்.

வந்தவர்கள் போனதும் நான் நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று குசினிக்கு ஓடினேன்.

"என்ன நடந்ததெண்டு தெரியுமா? அந்தப் பெரியவாப்பா இரிக்காரே, அவரே சொன்னாரு..."

உம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். சாச்சி வாயைப் பொத்தினாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சாச்சிக்குச் சிரித்ததில் புரையேறி, தலையில் தட்ட வேண்டி வந்தது.

"தேத்தண்ணி எப்பவோ ஊத்திட்டம்கா," என்றாள் மூச்சு வந்த பிறகு. "மாப்புளட உம்மாதான் தட்டத்துல கைய வெச்சா. இப்பக் கொண்டு போகாதீங்க, புள்ளட படிப்புக்கு ஒரு வழி சொல்லட்டும் எண்டா. அவவும் அந்தக் காலத்துல படிப்ப விட்ட ஆள்தானே. மறுகா மனுசன் கை கழுவ வந்தாரு, வெளங்கிட்டு, போயிட்டாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் தேத்தண்ணி வராமல் துஆ ஓதமாட்டார்கள். அது வந்தால் பேச்சு முடிந்தது என்று பொருள், வராவிட்டால் உள்ளே சம்மதம் இல்லை என்று பொருள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. என் மச்சியின் கலியாணப் பேச்சில் தட்டத்தை மறித்து நின்றவளே நான்தான்! ஆய்வுக் குழுவின் முன்னால் நான் மார்தட்டிய குசினி ஞானமும் இதுதான். அப்படிப்பட்ட நான், திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் குந்திய உடனே, தேத்தண்ணி பிந்தினால் காஸ் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன்.

கொப்பியில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். பெருந்தன்மைக்கு வந்தபோது உம்மா தரையிலேயே குந்திவிட்டாள். நானும் வயிறு நோகச் சிரித்தேன். சிரிக்காமல் நின்றவள் தங்கச்சி ஒருத்திதான். தொதல் தட்டைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"மாப்புளட உம்மா கைய வெச்ச நேரம் பேச்சே முறிஞ்சிருமோ எண்டு எனக்குப் பயம் வந்திட்டு. நான் உங்களத்தான் தேடினன் ராத்தா. நீங்க ஹோல்ல."

அது எனக்கு வலித்தது. இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது. அவளுக்கு அந்த நேரத்தில் வாதாட ஆள் தேவைப்படவில்லை, பக்கத்தில் நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் அவளுக்காக என்று நினைத்துக்கொண்டு போய் இருந்த இடத்தில், அவளுக்கு என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் இதே யோசனை. அதே தலை, அதே கண், அதே நான். இடம்தான் மாறியது, தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிட்டது. ஹோலில் இருப்பவர்களுக்குக் குசினியைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. குசினியில் இருப்பவர்களோ ஹோலின் ஒவ்வொரு இருமலையும் கேட்டாக வேண்டும், ஏனென்றால் அங்கே கதைக்கப்படுவது அவர்களுடைய வாழ்க்கை. அதனால் இவர்களுக்கு இரண்டு அறையும் தெரியும், அவர்களுக்கு ஒன்றுதான் தெரியும். புத்திக்கூர்மையில் யாரும் யாருக்கும் மேல் என்று இதற்குப் பொருளில்லை. அதிகாரம் இல்லாத பக்கத்தில் இருப்பவர்கள் மற்றப் பக்கத்தையும் படித்தே ஆகவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். எட்ட நின்று பார் என்று பேராசிரியர் சொன்னபோது, அந்த எட்டமும் ஒரு இடம்தான், அங்கேயும் ஒரு கதிரை இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

குசினிக்கும் எல்லாம் தெரியும் என்று நான் சொல்லமாட்டேன். அன்று இரவுச் சாப்பாட்டில் உம்மா, "உங்கட வாப்பா வாயத் தொறந்தாரா? மகளப் பத்தி அவருக்கு என்ன கவல" என்று குறைப்பட்டாள். அதை மட்டும் நான் மறுத்தேன். ஏனென்றால் நான் பார்த்தேன். பெரியவாப்பா படிப்பு போதும் என்றபோது வாப்பா உடுத்தியிருந்த சாரத்தின் ஓரத்தை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். விரல் வெளிறிப்போகும் வரை சுற்றினார். கதைக்க முடியாமல் அந்த மனிதன் பட்ட பாட்டைத் திரைக்குள் இருந்தவர்கள் கண்டிருக்க முடியாது. அதைக் கேட்டு உம்மா எழுந்துபோய் வாப்பாவுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

அடுத்த மாதம் ஆய்வுக் குழுவின் முன்னால் இரண்டையும் அப்படியே வைத்தேன். முதலில் ஹோலில் எழுதியது, பிறகு குசினியில் தெரிந்தது. காஸ் முடிந்திருக்கலாம் என்ற இடத்தை வாசித்தபோது மெடம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், தோள்கள் மட்டும் குலுங்கின. வம்பு என்று சொன்ன இளம் விரிவுரையாளரின் முகத்தில் அசடு வழிந்தது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் உங்கள் அவதானம் பிழை" என்றார்.

"ஓம் சேர். நீங்கள் சொன்ன கதிரையில் இருந்து எழுதிய அவதானம்."

சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேனோ என்று பயந்தேன். நெல் சந்தைப்படுத்தல் என் கண்முன்னால் வந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார்.

"எங்கட கலியாணப் பேச்சிலயும் தேத்தண்ணி பிந்தினது" என்றார் திடீரென்று. எங்களிடம் ஒருநாளும் பேச்சுத் தமிழில் கதைக்காதவர். "மாமிக்குச் சுகமில்லையாக்கும் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிட்டிருந்தன். அண்டைக்கு அவங்க என்னத்துக்கு மறிச்சிருப்பாங்க?"

"அதுக்கு உங்கட மனுசியிட்டத்தான் கேக்கணும் சேர்."

தலைப்புக்கு அனுமதி கிடைத்தது. ஆய்வாளர் எங்கே இருந்து பார்த்தார் என்பதற்குத் தனி அத்தியாயம் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. இப்படி ஒரு நிபந்தனையை நான் காசு கொடுத்தும் வாங்கியிருப்பேன். தங்கச்சிக்குக் கைப்பேசியில் சொன்னபோது, "தப்பிச்சீங்க ராத்தா, உங்களுக்கு நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியா" என்றாள். பழையபடி கேலி செய்கிறாள் என்பதில் எனக்கு அனுமதி கிடைத்ததை விடச் சந்தோஷம்.

அவள் படித்து முடித்தாள். பெரியவாப்பா கல்முனைச் சந்தையில் அறிந்தவர் அறியாதவர் எல்லோரிடமும், தன் ஒரு வார்த்தையால்தான் அந்தப் பிள்ளை பட்டதாரி ஆனாள் என்று சொல்லித் திரிந்தார். நான் திருத்தப் போகவில்லை. அவர் ஹோலில் இருந்தவர், அவருக்கு அதுதான் தெரியும்.

நிக்காஹ் திகதி குறிக்க மறுபடி அதே ஆட்கள் வந்தார்கள். என் கணவர் பழக்கதோஷத்தில் பிளாஸ்டிக் கதிரையைக் கதவோரம் கொண்டுபோனார். அதை வாங்கி உள்ளே கொண்டுவந்து சாச்சிக்குப் போட்டேன், அவளுக்கு முழங்கால் வலி. மாப்பிள்ளையின் உம்மா அடுப்பருகே இருந்தார். தங்கச்சி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விவசாயத் திணைக்களத்தில் வேலை கிடைத்திருந்தது, கொஞ்சம் தூரத்து ஊரில்.

ஹோலில் மழை முடிந்தது, மீன் விலை முடிந்தது. பெரியவாப்பாவின் செருமல் கேட்டது.

"புள்ள படிக்கணுமெண்டா, நானே சரியெண்டு சொன்னன். படிச்சிட்டா. இனி வேல கீல என்னத்துக்கு?"

குசினியில் தங்கச்சி கேத்தலைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை அவள் தேட வேண்டியிருக்கவில்லை, அவளுடைய தோளோடு தோள் உரசிக்கொண்டு நான் நின்றேன்.

"கொண்டு போகட்டா ராத்தா?"

மாப்பிள்ளையின் உம்மாவின் கை ஏற்கனவே தட்டத்தின் ஒரு ஓரத்தில் இருந்தது. மற்ற ஓரத்தில் நான் கை வைத்தேன்.

"இரி," என்றேன். "அவசரமில்ல."